உலோக அணைவுச் சேர்மம் தயாரித்து நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனைச் சோதிப்பது எப்படி? முதல் முறை இறங்குபவர்களுக்கு

சேர்மத்தைத் தயாரிக்கும் வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் இழுப்பதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வருபவை: அனுமதிக் கடிதம், பகுப்பாய்வுக்கு அனுப்பிய மாதிரி, கரைய மறுக்கும் பொடி, மறுபடி மறுபடி கெட்டுப்போகும் தட்டு. இதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி நிற்கும்: குடுவையில் நீங்கள் செய்த சேர்மம்தான் பாக்டீரியாவைத் தொட்டதா, அல்லது அது உடைந்து வெளிவந்த உலோக அயனியா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பி வரும் கட்டுரைகள் ஏராளம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தப் பதிலை நோக்கித்தான் போகிறது.

எடுத்துக்காட்டுக்கு சாலென் என்ற ஷிஃப் கார ஈனியையும் (ஈனி என்பது உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு; ஷிஃப் காரம் என்பது ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து உருவாவது) அதன் காப்பர் அணைவையும் எடுத்துக்கொள்கிறேன். புதுமையானது இல்லை, அதனாலேயே பழகுவதற்கு நல்லது. தவறு நடந்தால் எங்கே என்று உடனே தெரியும். சொந்த ஈனிக்கு அப்புறம் போகலாம்.

1. முதலில் காகிதங்கள்

பாக்டீரியா வேலைக்கான உயிர்ப் பாதுகாப்புக் குழு அனுமதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். சேர்மம் கையில் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பொடி குப்பியில் கிடக்கும், நீங்கள் கூட்டம் கூடும் தேதிக்காகக் காத்திருப்பீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா இரண்டும் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில் கையாள வேண்டியவை. உங்கள் துறையில் அந்த வசதி இல்லையென்றால் யாருடைய லேபில் செய்யப் போகிறீர்கள் என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள், அதன் லாட் எண், நுண்ணுயிர் வந்த இடத்தின் சான்றிதழ், இனத்தின் எண், எத்தனையாவது மறுவளர்ப்பு என்ற குறிப்பு. "மருத்துவமனையிலிருந்து கிடைத்த ஈ. கோலை" என்று எழுதினால் முதல் கேள்வியே அங்கேதான் வரும். ஏ.டி.சி.சி. (அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகம்) எண் உள்ள தர இனங்களையே முதலில் வாங்குங்கள்: ஈ. கோலை 25922, சூடோமோனாஸ் 27853, ஸ்டஃபைலோகாக்கஸுக்கு வட்டுச் சோதனை (சேர்மம் ஊறிய சிறு வட்டைப் பாக்டீரியா பூசிய அகர் மேல் வைப்பது) என்றால் 25923, திரவ ஊடகச் சோதனை என்றால் 29213. இந்தக் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

2. பணம் எங்கே போகும்

உலோக உப்பும் ஆல்டிஹைடும் செலவே இல்லை. செலவு பகுப்பாய்வில்: தனிமப் பகுப்பாய்வு, என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு), நிறை நிறமாலை, ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர். எல்லாம் மாதிரிக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆகவே உருகுநிலை, மென்படல நிறப்பிரிகை, அகச்சிவப்பு மூன்றும் சரியாக வராத மாதிரியை எங்கும் அனுப்பாதீர்கள். சுத்தமில்லாத பொருளுக்குத் தனிமப் பகுப்பாய்வு செய்தால், அது சுத்தமில்லை என்பதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டதாகத்தான் ஆகும்.

உயிரியல் பக்கத்தில் செலவு இழுப்பவை தர இனங்கள், 96 குழித் தட்டுகள், ஊடகம். அவற்றில் கை வைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். கழுவி மறுபடி பயன்படுத்திய தட்டில் ஒட்டியிருக்கும் மிச்சம் உங்கள் முடிவை மாற்றிவிடும்.

3. ஈனி தயாரித்தல்

சாலிசிலால்டிஹைடு 20 மில்லிமோல், அதாவது 2.44 கிராம் அல்லது 2.13 மி.லி. இதை 20 மி.லி. எத்தனாலில் கரையுங்கள். எத்திலீன்டையமைன் 10 மில்லிமோல், 0.60 கிராம் அல்லது 0.67 மி.லி. இதை 10 மி.லி. எத்தனாலில் கலந்து, கிளறிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள். உடனே பளிச்சென்ற மஞ்சள் வரும், கலவை சூடாகும், சில நிமிடங்களில் செதில் செதிலாகப் படியும். அதோடு நிறுத்தாமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவைத்து), பனிக்கட்டி நீரில் குளிரவைத்து, வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலால் கழுவுங்கள். எத்தனாலிலேயே மறுபடிகமாக்குங்கள். உருகுநிலை 126–128 டிகிரி செல்சியஸ். இரண்டு டிகிரிக்குள் கூர்மையாக உருகவில்லையென்றால் இன்னொரு தடவை மறுபடிகமாக்குங்கள்.

கெடுப்பவை இரண்டு. பழைய சாலிசிலால்டிஹைடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பேறியிருக்கும். எத்திலீன்டையமைன் புட்டியின் வாயில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு உருவான கார்பமேட். நீங்கள் எடுத்த 0.67 மி.லி. உண்மையில் குறைவு. இரண்டிலும் மோல் விகிதம் தவறும். எத்திலீன்டையமைன் மூச்சுக்குழாயையும் தோலையும் பாதிக்கும். புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்காதீர்கள்.

4. அணைவு தயாரித்தல்

ஈனி 2 மில்லிமோல், 0.537 கிராம், 30 மி.லி. சூடான எத்தனாலில். காப்பர் அசிட்டேட் மோனோஹைட்ரேட் 2 மில்லிமோல், 0.399 கிராம், 15 மி.லி. வெதுவெதுப்பான மெத்தனாலில். உப்புக் கரைசலை ஈனியில் மெதுவாக விடுங்கள். கரும்பச்சை அல்லது ஊதா கலந்த பச்சையில் வீழ்படிவு வரும். 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ், ஆறவிட்டு வடிகட்டல். பிறகு கழுவுவதில்தான் கவனம்: முதலில் தண்ணீர், மிச்ச காப்பர் உப்பு போக, அடுத்து சூடான எத்தனால், மிச்ச ஈனி போக, கடைசியில் சிறிது ஈதர். வெற்றிடத்தில் உலர்த்துங்கள். முழு விளைச்சல் என்றால் 0.66 கிராம் வர வேண்டும்.

தண்ணீரில் கழுவுவதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. காப்பர் அசிட்டேட் ஒரு சதவீதம் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட உயிரியல் முடிவு அதனுடையதாகிவிடும். வடிநீர் நிறமற்று வரும்வரை கழுவுங்கள்.

அசிட்டேட்டுக்குப் பதில் குளோரைடு உப்பு எடுத்தால் என்ன ஆகும்? பீனால் புரோட்டான் வெளியேறும்போது அசிட்டேட் அதை வாங்கிக்கொண்டு வலுவற்ற அசிட்டிக் அமிலமாகிவிடுகிறது. குளோரைடில் அந்த வசதி இல்லை. உருவாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இமின் (கார்பன்–நைட்ரஜன் இரட்டை) பிணைப்பையே நீராற்பகுத்து உடைக்கும், குடுவையிலிருந்து சாலிசிலால்டிஹைடு வாசனை வரும். ஈனிக்கு 2 சமானம் ட்ரைஎத்திலமைன் சேர்த்தால் சரியாகும். துத்தநாகத்தில் காரம் அதிகமானால் ஹைட்ராக்சைடு வெள்ளையாக விழுந்து சேர்மத்தோடு கலந்துவிடும், பார்வைக்குத் தெரியாது.

பெர்குளோரேட் உப்பு எடுக்காதீர்கள். அழகான படிகம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். கரிம ஈனியோடு சேர்ந்த பெர்குளோரேட் அணைவுகள் சுரண்டும்போதே வெடிக்கக்கூடியவை.

இதே அளவில் நிக்கல் அசிட்டேட் டெட்ராஹைட்ரேட் 0.498 கிராம் எடுத்தால் ஆரஞ்சுச் சிவப்பும், துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட் 0.439 கிராம் எடுத்தால் வெளிர்மஞ்சளும் வரும். துத்தநாக அணைவின் நிறம் ஈனியின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், வினை நடந்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. கோபால்ட் வேண்டாம், காற்றில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், தொடக்கத்தில் தேவையில்லாத தலைவலி.

5. இதுதான் என்று நிரூபித்தல்

அகச்சிவப்பில் ஈனியின் இமின் பட்டை 1635 செ.மீ.⁻¹ அருகே இருக்கும். அணைவில் அது 10 முதல் 30 வரை கீழே இறங்க வேண்டும். பீனாலின் கார்பன்–ஆக்சிஜன் பட்டை 1280 அருகிலிருந்து மேலே ஏற வேண்டும். 400 முதல் 600 வரை புதிதாகத் தெரியும் சிறு பட்டைகளையெல்லாம் உலோகம்–நைட்ரஜன், உலோகம்–ஆக்சிஜன் என்று பெயர் சூட்டுவது வழக்கமாகிவிட்டது. ஈனிக்கும் அந்தப் பகுதியில் பட்டைகள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுப் பெயர் சூட்டுங்கள்.

துத்தநாகம், நிக்கல் அணைவுகளுக்கு என்.எம்.ஆர். எடுக்கலாம். ஈனியில் 13 பி.பி.எம். சுற்றித் தெரியும் ஹைட்ராக்சில் உச்சி முழுவதும் மறைந்திருக்க வேண்டும். காப்பர் பாராகாந்தத் தன்மை உள்ளது. உச்சிகள் பரந்து கரைந்துபோகும், பணம் வீண். அதற்குப் பதில் காந்தத் திருப்புத்திறன் பாருங்கள். ஒரே ஒரு இணையற்ற எலக்ட்ரானுக்குரிய 1.73 போர் மேக்னட்டான் அல்லது சற்றுக் கூடுதலாக வரும்.

தனிமப் பகுப்பாய்வில் காப்பர் சாலெனுக்குக் கார்பன் 58.26, ஹைட்ரஜன் 4.28, நைட்ரஜன் 8.49 சதவீதம். கணக்கிலிருந்து 0.4க்குள் இருந்தால் ஏற்பார்கள். கார்பன் 55.2 என்று வந்தால் பதற வேண்டாம்: ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்தால் எண் 55.25. ஆனால் தண்ணீரைக் கணக்கில் சேர்ப்பதென்றால் வெப்ப எடைப் பகுப்பாய்வில் அந்த எடை இழப்பைக் காட்ட வேண்டும். எண் பொருந்துவதற்காக அரைத் தண்ணீர், கால் எத்தனால் என்று ஒட்டவைப்பதை நடுவர்கள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள்.

படிகம் வளர்க்க நினைத்தால் குளோரோஃபார்மில் கரைத்து, மேலே மெத்தனாலை மெதுவாக அடுக்கி, அதிர்வில்லாத மூலையில் ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள்.

6. கரைசல்: பெரும்பாலான முடிவுகள் கெடும் இடம்

நுண்ணுயிரியல் லேபுக்குப் பொடியை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர்கள் டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) ஊற்றிக் கலக்கி, கரையாத மீதியோடு வட்டில் ஊற்றிவிடுவார்கள். கரைசலை நீங்களே தயாரியுங்கள்.

கணக்கு இப்படி. குழியில் டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே தாய்க் கரைசல் இறுதிச் செறிவைப் போல் 100 மடங்கு. குழியில் மி.லி.க்கு 64 மைக்ரோகிராம் வேண்டும் என்றால் தாய்க் கரைசல் மி.லி.க்கு 6.4 மில்லிகிராம். அது தெளிவாகக் கரைகிறதா என்று பாருங்கள். கரையவில்லையென்றால் உச்சச் செறிவைக் குறையுங்கள், டி.எம்.எஸ்.ஓ.வைக் கூட்டாதீர்கள்.

அடுத்து, தாய்க் கரைசலை ஊடகத்தில் 100 மடங்கு நீர்த்து, பாக்டீரியா இல்லாமல், 37 டிகிரியில் ஒரு இரவு வையுங்கள். மறுநாள் ஒரு லேசர் சுட்டியைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றை கோடாகத் தெரிந்தால் சேர்மம் நுண்துகளாக வீழ்ந்திருக்கிறது. அந்தக் கலங்கலைத்தான் பிறகு பாக்டீரியா வளர்ச்சி என்று படிப்பார்கள். அல்லது துகள்கள் அடியில் உட்கார்ந்துவிட, மேலே வெறும் ஊடகத்தில் பாக்டீரியா நிம்மதியாக வளரும், சேர்மத்துக்குத் திறனில்லை என்று எழுதுவார்கள்.

நிலைப்புத்தன்மைக்கு புற ஊதா–கட்புல ஒளி நிறமாலை போதும். 350–400 நானோமீட்டர் இடையே வரும் வலுவான பட்டையை 0, 4, 24 மணி நேரத்தில் எடுங்கள். முதலில் டி.எம்.எஸ்.ஓ.வில், பிறகு நீர்த்த ஊடகத்தில். பட்டை இடம் மாறினாலோ ஈனியின் பட்டை தலைகாட்டினாலோ அணைவு உடைகிறது. ஊடகத்தில் உள்ள ஹிஸ்டிடின், சிஸ்டீன் போன்ற அமினோ அமிலங்களுக்கு காப்பர் மீது ஈர்ப்பு அதிகம், பிடுங்கிக்கொள்ளும். பாஸ்பேட் பஃபரில் துத்தநாகம் வீழ்ந்துவிடும். வெள்ளி அணைவு என்றால் ஊடகத்தின் குளோரைடே அதை வெள்ளி குளோரைடாக்கிவிடும், வெளிச்சமும் ஆகாது.

கிருமிநீக்கத்துக்காக அணைவை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கருவியில்) வைக்காதீர்கள். சவ்வு வடிகட்டி பயன்படுத்தினால் டி.எம்.எஸ்.ஓ. தாங்கும் சவ்வாக இருக்கட்டும். செல்லுலோஸ் நைட்ரேட் அதில் கரைந்துபோகும்.

7. வட்டுச் சோதனை: வடிகட்டும் வேலைக்கு மட்டும்

முல்லர்–ஹின்டன் அகர், பி.எச். 7.2–7.4, ஆழம் 4 மி.மீ.; 90 மி.மீ. தட்டுக்குச் சுமார் 25 மி.லி. ஊற்றினால் அந்த ஆழம் வரும். குறைத்து ஊற்றினால் வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டம் பெரிதாகும். பாக்டீரியாவை 0.5 மெக்ஃபார்லாந்து (கலங்கலை அளக்கும் அளவுகோல்) நிலைக்குக் கொண்டுவந்து (625 நானோமீட்டரில் 0.08–0.13), 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையிலும் பூசுங்கள். 6 மி.மீ. வட்டில் 10 மைக்ரோலிட்டருக்கு மேல் வேண்டாம், டி.எம்.எஸ்.ஓ. உலராது, பரவி வழியும். 35 டிகிரியில் 16–18 மணி நேரம்.

கூடவே 10 மைக்ரோகிராம் ஜென்டமைசின் வட்டு ஒன்று வையுங்கள். ஈ. கோலை 25922க்கு வட்டம் 19 முதல் 26 மி.மீ.க்குள் விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைய தட்டுகள் எல்லாமே குப்பை. உங்கள் சேர்மத்தின் எண்களையும் சேர்த்துத்தான்.

வட்டத்தின் விட்டம் சேர்மத்தின் திறனை மட்டும் சொல்வதில்லை, அது அகரில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கொழுப்பில் கரையும் பெரிய அணைவு நகராமல் உட்கார்ந்திருக்கும். "என் சேர்மம் 18 மி.மீ., மருந்து 25 மி.மீ., ஆகவே 72 சதவீதத் திறன்" என்று எழுதுவதில் பொருளே இல்லை. வட்டின் அளவே 6 மி.மீ. என்பதால் அட்டவணையில் 6 என்றால் பூஜ்யம் என்பதையும் மறக்காதீர்கள்.

8. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு

எம்.ஐ.சி. என்று எல்லோரும் சொல்லும் இந்த எண்தான் கட்டுரையில் நிற்கும். 96 குழித் தட்டு, அயனி சரிசெய்த முல்லர்–ஹின்டன் திரவ ஊடகம். ஒரு வரிசைக்கு:

முதல் குழியில் மி.லி.க்கு 128 மைக்ரோகிராம் கரைசல் 100 மைக்ரோலிட்டர். 2 முதல் 11 வரை வெறும் ஊடகம் 50 மைக்ரோலிட்டர், 12இல் 100. முதல் குழியிலிருந்து 50 எடுத்து இரண்டாவதில் விட்டுக் கலக்கி, அதிலிருந்து 50 மூன்றாவதுக்கு; பத்தாவது வரை போய், கடைசி 50ஐக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு மாற்றலுக்கும் புது பிப்பெட் முனை. பிறகு 0.5 மெக்ஃபார்லாந்து பாக்டீரியாவை 100 மடங்கு நீர்த்து, 1 முதல் 11 வரை 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். இப்போது செறிவுகள் 64இலிருந்து 0.125 வரை, பாக்டீரியா மி.லி.க்கு சுமார் 5 லட்சம். 11 வளர்ச்சிக் கட்டுப்பாடு, 12 கிருமியற்ற கட்டுப்பாடு. 35 டிகிரி, 16–20 மணி நேரம், ஓரக் குழிகள் வற்றாமல் மூடி.

தனி வரிசைகளில் வேண்டியவை:

- ஈனி மட்டும்
- உலோக உப்பு மட்டும்
- 1 சதவீத டி.எம்.எஸ்.ஓ. மட்டும்
- சேர்மம் இருந்து பாக்டீரியா இல்லாத ஒரு வரிசை
- சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஜென்டமைசின்

நான்காவது வரிசையை விட்டுவிடுபவர்கள்தான் நிறமுள்ள சேர்மத்தின் உறிஞ்சலைப் பாக்டீரியாவாகப் படிக்கிறார்கள். உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நிறம் மாறும் ரெசாசுரின் சாயம் போடுவதாக இருந்தாலும் இதே வரிசையிலும் போடுங்கள். சில அணைவுகள் பாக்டீரியா இல்லாமலே அதன் நிறத்தை மாற்றிவிடும். ஜென்டமைசின் ஈ. கோலை 25922க்கு 0.25–1க்குள் வர வேண்டும், வராவிட்டால் தட்டைத் திரும்பச் செய்யுங்கள்.

உலோக உப்பை எந்தச் செறிவில் ஒப்பிடுவது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். காப்பர் சாலென் 32 மைக்ரோகிராம் என்றால் 97 மைக்ரோமோலார். அதே 97 மைக்ரோமோலார் காப்பர் அசிட்டேட் 19.4 மைக்ரோகிராம்தான். இரண்டையும் 32 மைக்ரோகிராமில் வைத்தால் உப்பில் காப்பர் ஒன்றரை மடங்குக்கு மேல். எடையில் ஒப்பிடாமல் மோலில் ஒப்பிடுங்கள். அட்டவணையில் இரண்டு அலகும் போடுங்கள். ஈனியையும் உப்பையும் சேர்த்துக் கலந்த வரிசை ஒன்றும் போடுங்கள். அதுவும் அணைவும் ஒரே எண்ணைத் தந்தால், அணைவு ஊடகத்தில் உடைகிறது அல்லது அங்கேயே உருவாகிறது என்று பொருள். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

இரட்டிப்பு நீர்ப்பில் ஒரு படி வித்தியாசம் முறையின் இயல்பான பிழை. 16க்கும் 32க்கும் இடையே "இருமடங்கு மேம்பாடு" என்று எழுதாதீர்கள். வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை.

கொல்கிறதா, தடுக்கிறதா என்று பார்க்க, தெளிந்த குழிகளிலிருந்து 10 மைக்ரோலிட்டர் அகரில் வையுங்கள். தொடக்கத்தில் அந்த 10இல் சுமார் 5000 செல்கள், 99.9 சதவீதம் செத்திருந்தால் 5 பாக்டீரியாக் கூட்டங்களுக்கு (காலனிகளுக்கு) மேல் வராது.

இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசினோடு உங்கள் அணைவைச் சேர்த்துக் கூட்டு விளைவு பார்க்க ஆசை வரும். அந்த மருந்தே உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். எதிர்விளைவு போலத் தெரிவது இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டதன் விளைவாக இருக்கலாம்.

9. வாரக் கணக்கு

உறைநிலைக் குப்பியிலிருந்து திங்கள் கோடிழுத்து, செவ்வாய் மறுவளர்ப்பு, புதன் தட்டு போட்டு, வியாழன் படித்து, அன்றே அகரில் வைத்து, வெள்ளி எண்ணுங்கள். வியாழன் தொடங்கினால் சனி, ஞாயிறும் லேபில்தான். மூன்று தடவைக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஒரு தடவை கெடும், ஆகவே நான்கு. தனிமப் பகுப்பாய்வும் படிகமும் இந்த வாரங்களிலேயே பக்கத்தில் ஓடட்டும்.

10. எழுதும்போது

"கீலேட் ஆவதால் உலோகத்தின் முனைவுத்தன்மை குறைந்து, கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்கிறது" என்ற வாக்கியம் இந்தத் துறையில் படியெடுத்துப் படியெடுத்துத் தேய்ந்துபோனது. ஆக்டனால்–நீர்ப் பகிர்வு எண்ணையோ செல்லுக்குள் போன உலோகத்தின் அளவையோ அளக்காமல் அதை எழுதாதீர்கள். மனித செல் மீதான நச்சுத்தன்மை, குறைந்தபட்சம் சிவப்பணு சிதைவுச் சோதனை, இல்லாத கட்டுரைக்கு அதைக் கேட்டுத்தான் கடிதம் வரும், முன்கூட்டியே செய்துவிடுங்கள். படிக அமைப்பு இருந்தால் கேம்பிரிட்ஜ் தரவகத்தில் பதிந்து எண்ணை வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

காப்பர், நிக்கல் கழிவுகள் கனவுலோகக் கழிவுப் புட்டிக்கு. தொட்டியில் ஊற்ற வேண்டாம். பாக்டீரியாத் தட்டுகள் 121 டிகிரியில் குறைந்தது 30 நிமிடம் ஆட்டோகிளேவ். பிளீச் ஊற்றிய தட்டை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

சோதனைக்குக் கொடுத்த அதே தொகுப்பிலிருந்து 50 மில்லிகிராமை லாட் எண், தேதியோடு தனிக் குப்பியில் ஈரம் புகாமல் மூடி வையுங்கள். நடுவர் மூன்று மாதம் கழித்து "நிலைப்புத்தன்மை நிறமாலை ஒன்று கூடுதலாகத் தேவை" என்று கேட்கும்போது புதிதாகச் செய்த பொடியில் எடுத்து அனுப்பினால், இரண்டு தொகுப்பும் ஒன்றுதான் என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டிவரும்.